கரடுமுரடைக் கணித்த கதை

தொடக்ககாலக் கணினி ஓவியங்களின் பெருங்குறை அவற்றின் அளவுமீறிய வழவழப்பே. 1982இல் வெளிவந்த 'டிரான்' திரைப்படத்தில் பணியாற்றிய கென் பெர்லின், உருண்டையும் பெட்டியும் இயந்திரத்தனமாகப் பளபளப்பதில் நிறைவு கொள்ளாது, அடுத்த ஆண்டே 'நாய்ஸ்' என்னும் கணித முறையை உருவாக்கினார். தற்போக்கு எண்களைப் புள்ளிதோறும் தூவினால் கிடைப்பது ஒளிபரப்பு நின்ற தொலைக்காட்சித் திரையின் புள்ளிமழை மட்டுமே. பெர்லினோ வெளியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சரிவுத் திசையைத் தற்போக்காக வழங்கி, இடைப்பட்ட புள்ளிகளின் மதிப்பை அவற்றிலிருந்து மென்மையாகக் கணித்தார். கட்டங்களைப் பாதியாகச் சுருக்கி, வலிமையையும் பாதியாக்கி, அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்க்கும்போது பெருமேட்டின்மீது சிறுமேடு ஏறி, பாறையின் பிளவும் பளிங்கின் கோடும் புலப்படுகின்றன. 'உடைந்த' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து கணிதவியலாளர் மண்டல்பிரோ 1975இல் 'ஃப்ராக்டல்' என்று பெயரிட்டது இத்தகைய வடிவங்களையே.

இத்தகைய பரப்புகளில் ஒளிநிழல் காட்டும் வழியைக் கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் பிளின் 1978இலேயே காட்டியிருந்தார்: பரப்பு எத்திசை நோக்குகிறது என்று கணினிக்குச் சொல்லும் செங்கோட்டைப் புள்ளிதோறும் சற்றே சாய்த்தால், பள்ளமே இல்லாத இடத்திலும் நிழல் விழும். இது கண்கட்டு வித்தைதான். விளிம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்றைய அருவ மின்னோவியங்களின் சிதைந்த பரப்புகள் பலவும் இவ்விரண்டின் கூட்டில் பிறப்பவையே. பெர்லினுக்கு 1997இல் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. தம் முதல் முறைக்கு அவர் காப்புரிமை பெறவில்லை.