பூனை மணல்தொட்டி

வீட்டுக்குள் வளரும் பூனை சிறுநீரும் மலமும் கழிப்பதற்காக மணல், களிமண் குருணை, மரத்தூள் உருண்டை போன்றவற்றைப் பரப்பி வைக்கும் அகன்ற தட்டு மணல்தொட்டி. கடைகளிலும் பூனை வளர்ப்போர் பேச்சிலும் இது லிட்டர் பாக்ஸ். கொல்லையும் தோட்டமும் இருக்கும் வீட்டில் இதற்குத் தேவையே எழாது. பூனை தானே வெளியே போய்ப் பள்ளம் பறித்து, வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வரும். அடுக்குமாடி வீட்டில் அந்தப் பள்ளத்தை உள்ளேயே அமைத்துத் தர வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் திரியும் காட்டுப்பூனை இனம். வறண்ட நிலத்து விலங்கு என்பதால் உடலின் நீரைச் சிக்கனமாகச் செலவிட்டு மிகச் செறிவான சிறுநீரைக் கழிக்கிறது. அதில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சிறுநீர் கழிந்த வேளையில் மணம் அதிகம் இராது. ஃபெலினின் சிதையச் சிதையக் கந்தகச் சேர்மங்கள் உண்டாகி நெடி ஏறும். கருத்தடை செய்யாத கடுவனிடம் இது மிகுதி. மண்ணைப் பறிக்கும் இயல்பு பிறவியிலேயே வருவது. நான்கு வாரக் குட்டிகூட இளகிய மண்ணைக் கண்டால் கிளறத் தொடங்கிவிடும். ஆகவே பூனைக்குத் தொட்டிப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது என்பது பெரும்பாலும் தொட்டி இருக்கும் இடத்தைக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

வரலாறு

தொடக்கத்தில் மணல், சாம்பல், மரத்தூள் ஆகியவையே தொட்டியை நிரப்பின. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம் அண்டைவீட்டுப் பெண் ஒருவர் பூனைக்கு மணல் கேட்டு வந்தார். லோவின் குடும்பத் தொழில், தொழிற்கூடத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருள்களை விற்பது. அவர் அதிலிருந்த களிமண் குருணையைக் கொடுத்துப் பார்த்தார்; அந்தப் பெண் பிறகு வேறெதையும் கேட்கவில்லை. ஐந்து பவுண்டுப் பைகளில் கிட்டி லிட்டர் என்று எழுதி 65 சென்ட் விலை வைத்தபோது, மணல் சல்லிசாகக் கிடைக்கையில் இதை யார் வாங்குவார் என்று கடைக்காரர் சந்தேகப்பட்டார். அப்படியானால் இலவசமாகவே கொடுங்கள் என்றார் லோ. ருசி கண்டவர்கள் காசு கொடுத்து வாங்க வந்தார்கள்.

1980-களில் கட்டியாகும் மணல் வந்தது. இதன் மூலப்பொருளான பென்டோனைட் ஈரம் பட்டதும் ஊதி இறுகும் களிமண். சிறுநீர் விழுந்த இடம் மட்டும் உருண்டையாகிவிடுவதால் சல்லடைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். இந்தியாவில் குஜராத்தின் கட்ச் பகுதியில் இது வெட்டியெடுக்கப்படுகிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் மண்ணைத் தின்று பார்க்கும் என்பதால் அவற்றுக்கு இது ஆகாது. சிலிக்கா படிகம், மர உருண்டை, சோயாச் சக்கை ஆகியவையும் விற்பனையில் உண்டு. பெரும்பாலான பூனைகள் விரும்புவது நுண்ணிய, மணமற்ற குருணையை. நறுமணம் ஊட்டிய மணல் வாங்குபவரின் மூக்குக்காகச் செய்யப்பட்டது, பூனைக்காக அல்ல.

தொட்டியைத் தவிர்த்தல்

மெத்தையிலும் அழுக்குத்துணிக் கூடையிலும் பூனை கழிப்பதை வீம்பு என்றோ பழிவாங்கல் என்றோ சொல்வது வழக்கம். இது தவறு. பெரும்பாலும் காரணம் உடம்பில் இருக்கும், இல்லையேல் தொட்டியில் இருக்கும். சிறுநீர்ப்பை அழற்சி உள்ள பூனை, வலியைத் தொட்டியோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு வேறிடம் தேடுகிறது. நீரிழிவும் சிறுநீரக நோயும் அடிக்கடி போகச் செய்யும். மூட்டுவலி கண்ட கிழப்பூனையால் உயரமான விளிம்பைத் தாண்ட முடியாது. எனவே பழகிய பூனை திடீரென்று தொட்டியை விட்டால் முதலில் பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர். ஆண்பூனை தொட்டியில் குந்தி முக்கி, சொட்டுக்கூட வராமல் கத்தினால் சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிர்போகும் நிலை அது. மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

நோயில்லை என்றான பிறகு தொட்டியைக் கவனிக்க வேண்டும். கடையில் விற்கும் தொட்டிகளில் பல பூனைக்குச் சிறியவை. மூக்கிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால்தான் அது சுற்றித் திரும்பிக் கிளற முடியும்; அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிக்கொண்டால் போதும், செலவும் குறைவு. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகத் தொட்டிகள் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு பூனைக்கு மூன்று தொட்டி; ஆனால் மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தொட்டி. வலுத்த பூனை ஒன்று வழியில் படுத்துக்கொண்டாலே மற்றது மூன்றையும் இழந்துவிடும். வாஷிங் மெஷின் பக்கமும் சாப்பாட்டுத் தட்டின் அருகும் ஆகாத இடங்கள். மூடியிட்ட தொட்டியைப் பற்றி இருவேறு கருத்துண்டு: பல பூனைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் உள்ளே நெடி தேங்குவது மனிதருக்குத் தெரியாமல் போவதால் சுத்தம் செய்வது தள்ளிப்போகிறது.

நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கிச் சுவரில் பீய்ச்சுவது வேறு சங்கதி. அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்களிடம் நின்றுவிடும்.

நாற்றமும் துப்புரவும்

நாளுக்கு ஒருமுறையாவது, முடிந்தால் இருமுறை கட்டிகளை அள்ளுவதற்கு ஈடான மருந்து இல்லை. அள்ளும்போது எண்ணிப் பார்ப்பதும் நல்லது: கட்டிகள் திடீரெனப் பெருத்தாலோ சின்னச் சின்னதாகச் சிதறினாலோ நோயின் முதல் தடயம் அதுவாக இருக்கும். தொட்டியைக் காலி செய்து வெந்நீரும் மணமற்ற சோப்பும் இட்டு அவ்வப்போது கழுவ வேண்டும். நகக்கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாடையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பழைய தொட்டியை மாற்றுவதே மேல்.

நம் வீடுகளில் பெரிய ஆபத்து பினாயில். ஃபீனால் வகைச் சேர்மங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்த பாதத்தை அது நக்கும்போது நஞ்சு உள்ளே போகிறது. டெட்டால் வகைக் கிருமிநாசினிக்கும் இது பொருந்தும். சிறுநீர் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதும் தவறு. சிறுநீரின் அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்து மூச்சை அடைக்கும் குளோரமைன் வாயு கிளம்பும். தரையில் பட்டதைத் துணியால் ஒற்றியெடுத்து, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதித் திரவத்தை ஊற்றி ஊறவிட வேண்டும். வாடை மிச்சமிருந்தால் பூனை அதே இடத்துக்குத் திரும்பும்.

கர்ப்பிணிகளும் பூனையும்

டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தின் வழி பரவக்கூடும். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால், வீட்டில் பெண் உண்டானதும் பூனையை எங்காவது கொண்டுபோய் விடுகிறார்கள். இது தேவையற்றது. மலத்தில் வெளிவரும் முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அன்றன்றே அள்ளினால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும்; ஆளில்லையென்றால் கையுறை அணிந்து செய்து, பிறகு சோப்பிட்டுக் கை கழுவலாம். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் இதே ஒட்டுண்ணியைக் கொண்டுவரும்.

அப்புறப்படுத்தல்

பென்டோனைட் குழாய்க்குள் ஊதி அடைத்துக்கொள்ளும். கழிப்பறையில் கொட்டவே கூடாது. டாக்சோபிளாஸ்மா முட்டைகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் தாண்டக்கூடியவை. கலிபோர்னியாக் கரையில் கடல்நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் மடிந்ததை அடுத்து, பூனை மணலைக் கழிப்பறையில் போட வேண்டாம் என்று பையிலேயே அச்சிடும்படி அம்மாநிலம் 2006-இல் சட்டம் இயற்றியது. களிமண் மணல் மக்குவதுமில்லை. உறையில் கட்டி மக்காத குப்பையோடு போட வேண்டும். மர உருண்டையும் சோயாச் சக்கையும் மக்கும் என்றாலும், பூனைக் கழிவு கலந்தவற்றைக் காய்கறிப் பாத்திக்கு உரமாக்கக் கூடாது.