பாமாலையும் கீர்த்தனையும்

சென்ற ஞாயிறு மருமகளோடு அவள் சபைக்குப் போயிருந்தேன். நான் புதுச்சேரிக் கத்தோலிக்கன். அவள் சி.எஸ்.ஐ., பாளையங்கோட்டைப் பெண். திருப்பூருக்குப் பிழைக்க வந்த நெல்லைக்காரர்கள் அந்தச் சபையில் அதிகம். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து இரவில் பாடிப் பழகும் பையன்கள், பழைய கீர்த்தனை ஒன்றுக்கு டிரம்ஸ் சேர்த்து நடையை மாற்றியிருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார்: "இது கோயிலா, கல்யாண மண்டபமா?"

கீர்த்தனையும் இதே பேச்சை வாங்கியதுதான் என்பது அவருக்குத் தெரியாது போலும்.

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் பாட்டுகளை அந்த மெட்டிலேயே தமிழாக்கினார்கள். கருத்து சுத்தம், ஆனால் குறில் வரும் இடத்தில் ராகம் நீளும், நெடில் வரும் இடத்தில் ஓடும். பாமாலை என்று இன்றும் பாடுவது அந்த வழியில் வந்ததுதான்.

பிறகு வந்தார் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். சரபோஜி மன்னருக்கு நண்பர். மன்னர் கேட்டும் வேறு தெய்வத்தைப் பாட மறுத்தார் என்று தஞ்சையில் சொல்வார்கள்.

1800-ல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். எனக்கு வியப்பு இங்கேதான். குறவஞ்சி என்றால் உலா வரும் தலைவன், அவன்மேல் மையல் கொள்ளும் பெண், குறி சொல்லும் குறத்தி. சிருங்காரம், போதாக்குறைக்கு வேதம் விலக்கிய குறி வேறு. சாஸ்திரியார் எதையும் தூக்கி எறியவில்லை. தலைவன் கிறிஸ்து, காதலிப்பவள் திருச்சபை, குறத்தி விசுவாசம், பிடிபடும் பறவைகள் ஆன்மாக்கள் என்று வைத்துவிட்டார். நடுவில் கோப்பர்னிக்கஸின் கிரக சாஸ்திரத்தையும் நுழைத்தார்!

1820-களில் வந்த புதிய மிஷனரிகளுக்கு இது பிடிக்கவில்லை. தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து விலக்குகிறார்கள் என்று சாஸ்திரியார் எழுதி எழுதி முறையிட்டார். முப்பது வருஷம் மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றியவன் நான். ஒரு மனுவுக்குள் நியாயமும் அநியாயமும் சேர்ந்தே வரும் என்பது தெரியும். கோயிலில் எல்லாச் சாதியையும் ஒன்றாக உட்கார வைப்பதையும் அவர் கொடுமை என்றே எழுதினார். பாட்டில் அவர் பக்கம் நிற்கிறேன். அதில் நிற்க முடியாது.

அவர் உயிரோடு இருக்கும்போதே காற்று மாறியது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், 1853-ல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் அவர் பாட்டுகள் பலவற்றைச் சேர்த்தார். விலக்கியது ஒரு வெள்ளைக்காரர் கூட்டம். அச்சேற்றியது இன்னொரு வெள்ளைக்காரர்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். கோயிலில் லத்தீன் பாட்டு. அர்த்தம் தெரியாமலே மனப்பாடம். பத்து வயதில் ஒருநாள், பின்வரிசையில் ஆயா தமிழில் முணுமுணுத்துப் பாடினாள். ஒருவர் திரும்பி, வாயை மூடச் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது, எழுந்து வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். 1963-ல் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழிவிட்டது. ஆயா அதற்குள் போய்விட்டாள்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. டிரம்ஸ் பையனிடம் மட்டும், "மூன்றாவது சரணத்தில் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பா, வார்த்தை கேட்கவில்லை" என்றேன். சரி தாத்தா என்றான்.