ஏர் டேங்குக்கு ஏன் தட்டை மூடி இல்லை?

திருச்சியிலிருந்து சென்னை போகும் சாலையில், பெரம்பலூர் பக்கம் உள்ள பஞ்சர் கடைகளைக் கவனித்திருக்கிறீர்களா? கம்ப்ரசருக்குக் கீழே படுத்திருக்கும் ஏர் டேங்கின் இரண்டு முனையும் கிண்ணத்தைக் கவிழ்த்தது மாதிரி புடைத்திருக்கும். ஒரு தகட்டை வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டால் செலவு மிச்சம்தானே? அந்த 'டிஷ் எண்டு' செய்ய அச்சு வேண்டும், பிரஸ் வேண்டும். தகடு வெட்ட கேஸ் கட்டர் போதும். வரவு செலவு மட்டும் பார்த்தால் தட்டை மூடிதான் லாபம். அது ஏன் ஆபத்து என்று புரிவதற்குள் எத்தனையோ பேர் செத்துப் போனார்கள்.

கல்கத்தாவில் 1863-ல் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போயின. அதன் பிறகுதான் 1864-ல் வங்காளத்தில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. மற்ற மாகாணங்களும் தனித்தனியாகச் சட்டம் போட, கடைசியில் நாட்டில் ஏழு சட்டங்கள், ஏழு விதித் தொகுப்புகள்! ஓரிடத்தில் சரியான பாய்லர் இன்னோரிடத்தில் தப்பு. இந்தக் குழப்பம் தீர்ந்தது 1923-ல் வந்த இந்திய பாய்லர் சட்டத்தால்.

அதற்குள் அமெரிக்காவில் ஒரு பெரிய பாடம் நடந்துவிட்டது. 1905 மார்ச் 20 அன்று பிராக்டன் நகரில் ஒரு ஷூ ஃபேக்டரியின் பாய்லர் வெடித்தது. கட்டடம் சரிந்து தீப்பிடித்து 58 பேர் இறந்தார்கள். அப்போது பாய்லர் தகடுகளை வெல்டிங் செய்யும் வழக்கம் பரவவில்லை. தகட்டின் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ரிவெட் அடிப்பார்கள். அப்படி ஏற்றிய இடத்தில் உருளை சரியான வட்டமாக இருக்காது. அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் லேசாக மடங்கி நிமிரும். விரிசல் உள்பக்கம், ரிவெட் மறைவில் வளரும். வெளியே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. இந்த விபத்தின் தொடர்ச்சியாகத்தான் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. 1915-ல் தன் முதல் பாய்லர் கோடை வெளியிட்டது.

வெல்டிங் வந்ததும் ரிவெட் போயிற்று. நோய் மட்டும் இடம் மாறி மூலைக்கு வந்து உட்கார்ந்தது. உருளைச் சுவரும் தட்டை மூடியும் சேரும் இடம்தான் கார்னர் ஜாயிண்ட். 300 மி.மீ. விட்டமுள்ள மூடியில் சதுர செ.மீ.க்கு 8 கிலோ அழுத்தம் என்றால் மொத்தத் தள்ளல் ஐந்தரை டன்னுக்கு மேல்! சாதாரண எஃகில் உருளைச் சுவருக்கு 2 மி.மீ. தடிமனே போதும், தட்டை மூடிக்கோ ஏறத்தாழ 14 மி.மீ. வேண்டும். அவ்வளவு தடிமன் இருந்தாலும் மூடி கொஞ்சம் உப்பத்தான் செய்யும். அது உப்பும்போது மூலை திறக்கப் பார்க்கும். வெளிப்பக்கம் மட்டும் வெல்டிங் செய்திருந்தால், உள்ளே ஒட்டாமல் விட்ட இடைவெளியே ரெடிமேட் விரிசல். பிராக்டன் கதைதான் மறுபடியும்.

அதனால்தான் கோடு மூலைக்கென்று படம் போட்டு, வெல்டிங்கின் அளவைச் சுவர்த் தடிமனோடு கட்டிப்போடுகிறது. இன்னொரு விதியும் உண்டு: தட்டைத் தகடு அரை அங்குலத்தைத் தாண்டினால், வெல்டிங்குக்கு முன்பும் பின்பும் அதன் ஓரத்தைக் காந்தத் துகள் அல்லது சாய ஊடுருவல் முறையில் சோதிக்க வேண்டும். உருட்டிச் செய்த தகடு வீச்சுப் பரோட்டா மாதிரி. நீளவாக்கில் இழுத்தால் தாங்கும், அடுக்குக்கு அடுக்கு இழுத்தால் பிரியும். மூலை வெல்டிங் இழுப்பது இரண்டாவது வழியில்.

சண்டை வருவது விதிவிலக்கில்தான். அழுத்தச் சுமையில் 80 சதவீதமோ அதற்கு மேலோ குழாய்கள், தாங்கு கம்பிகள் சுமந்தால் அந்தச் சோதனை வேண்டாம். சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாறு சூடாக்கும் ஹீட்டரில் தட்டைத் தகடு முழுக்கக் குழாய்கள்தான். "குழாய்தான் இருக்கிறதே, சோதனை எதற்கு?" என்று தயாரிப்பாளர் கேட்பார். குழாய் இருக்கிறதா என்பதல்ல கேள்வி, எவ்வளவு சுமக்கிறது என்பதே. அதைக் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும். இந்த மாதிரி சந்தேகங்களை எழுதி அனுப்பினால் ஏ.எஸ்.எம்.இ. பெரும்பாலும் 'ஆம்', 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் தரும். விளக்கம் எதிர்பார்த்தவர் பாடு திண்டாட்டம்தான் :)

இந்தியாவுக்கும் 1969-ல் ஐ.எஸ். 2825 என்ற பிரஷர் வெசல் கோடு வந்தது. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம் அது. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலை 1965 முதல் பாய்லர் செய்துகொண்டிருந்தது. 1975-ல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது.

ஆனால் பாய்லர் சட்டம் நீராவிக்குத்தான். 1923 சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் வந்த புதிய சட்டமும் அப்படியே. தொழிற்சாலைக்குள் இருக்கும் ஏர் டேங்கை 2025 வரை 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 31-வது பிரிவு கவனித்துவந்தது. இரண்டு பேர் வேலை செய்யும் பஞ்சர் கடை 'தொழிற்சாலை' கணக்கில் வராது. அங்கே ஒருவர் பழைய குழாயை வெட்டி, இரண்டு பக்கமும் தட்டைத் தகடு ஒட்டி, காற்று ஏற்றினால் இந்த இரண்டு சட்டமும் எட்டாது. பக்கத்தில் குந்தி டயர் கழற்றும் பையனுக்கும் அந்த மூலைக்கும் நடுவே இரண்டடி தூரம்தான்.