அம்புக்குறி இருக்கு, புள்ளியைக் காணோம்!

பச்சை லேசர் பேனாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பல பேனாக்களில் அந்த ஒளி பச்சையாகப் பிறப்பதே இல்லை. உள்ளே உண்டாவது கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஒரு சின்னப் படிகம் அதை 532 ஆக்குகிறது. அலைநீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பு.

எங்கள் கவுன்டர் பாஷையில் சொன்னால், இரண்டு ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்து ஒரு நூறு ரூபாய் நோட்டு வாங்குவது. இரண்டு போட்டான்கள் சேர்ந்து, இரட்டை ஆற்றலோடு ஒன்றாகின்றன. மொத்தத் தொகை மாறாது.

முதலில் இதைச் செய்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபிராங்கனும் மூன்று சகாக்களும். வருடம் 1961, லேசர் பிறந்தே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ரூபி லேசரின் 694 நானோமீட்டர் சிவப்பொளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் பாய்ச்சினார்கள். 347-ல் புற ஊதா ஒளி வந்தது, சுமார் பத்துக் கோடியில் ஒரு பங்கு! புகைப்படத் தகட்டில் மங்கலாக ஒரு புள்ளி.

'பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் கட்டுரை வந்தபோது படத்தில் அம்புக்குறி இருந்தது, புள்ளி இல்லை. அழுக்கு என்று நினைத்து அச்சுக்கு முன் அழித்துவிட்டார்கள் என்று ஒளியியல்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். லெட்ஜர் காலத்து சீனியர்கள் ஒரு பைசா டேலி ஆகாவிட்டாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்களாம். இங்கே அந்த ஒரு பைசாதான் மொத்தக் கண்டுபிடிப்பே.

ஏன் அவ்வளவு குறைவு? படிகத்துக்குள் இரண்டு நிறங்களும் வெவ்வேறு வேகத்தில் போகின்றன. அதனால் புதிதாகப் பிறக்கும் ஒளி தாளம் தப்பி, முன்பு பிறந்ததையே அழித்துவிடுகிறது. படிகத்தைச் சரியான கோணத்தில் வைத்தால் தாளம் சேரும் என்று 1962-ல் காட்டினார்கள்.

அடுத்த தேவை ஒளியின் செறிவு. அதற்குத்தான் சில்லில் செதுக்கிய நுண் வளையங்கள். வளையத்தின் சுற்றளவில் அலைகள் முழு எண்ணிக்கையில் பொருந்தினால், சுற்றிவரும் ஒளியோடு புது ஒளி சேர்ந்துகொண்டே போகும். ரெக்கரிங் டெபாசிட் மாதிரி! கொஞ்சம் கசிந்தாலும் இருப்பு ஏறும்.

2016-ல் யேல் பல்கலைக்கழகக் குழு, அலுமினியம் நைட்ரைடு என்ற குறைகடத்தி வளையத்தில் வாட்டுக்கு 2500 சதவீதம் என்று அறிவித்தது. ஆடிட்டர் மாதிரிப் பதற வேண்டாம். ஒரு மில்லிவாட் கொடுத்தால் 2.5 சதவீதம் மாறும் என்று அர்த்தம். பத்துக் கோடியில் ஒன்று, 55 வருடத்தில் நூற்றுக்கு இரண்டரை!

உங்கள் பிள்ளைகள் பச்சை லேசரைக் கையில் எடுத்தால், யார் கண்ணிலும் அடிக்காதே என்பதோடு அழிந்துபோன அந்தப் புள்ளியின் கதையையும் சொல்லுங்கள்.