குரோன் நோயும் தொழில் வாழ்க்கையும்

குரோன் நோய் என்பது வாயிலிருந்து ஆசனவாய் வரை உணவுப்பாதையின் எந்தப் பகுதியிலும் வரக்கூடிய நாட்பட்ட அழற்சி நோய். சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் அதை ஒட்டிய பெருங்குடலையும் அதிகம் தாக்குகிறது. 1932-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரைதான் இதை மருத்துவ உலகில் தனி நோயாக நிலைநிறுத்தியது. அடியோடு குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் பல உண்டு.

பெரும்பாலானவர்களுக்கு 15 வயதிலிருந்து 35 வயதுக்குள் இந்நோய் தெரியவருகிறது. கல்லூரி, போட்டித் தேர்வு, முதல் வேலை, பணி நிரந்தரம் எல்லாம் நடக்கிற வயதும் அதுதான். இந்தியாவில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. குடல் காசநோயும் குரோன் நோயும் அறிகுறியிலும் கொலனோஸ்கோபிப் படத்திலும் ஒன்றுபோலவே தெரியும். எது என்று உறுதியாகாதபோது முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துச் சில மாதங்கள் பார்ப்பது இங்கே வழக்கம். அந்த மாதங்கள் பலருக்குப் படிப்பின் கடைசி ஆண்டிலிருந்தோ வேலையின் பயிற்சிக் காலத்திலிருந்தோ கழிகின்றன.

வேலை நாளில் நோய்

நோய் ஒரே சீராக இருப்பதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கும். பிறகு ஏதோ ஒரு வாரத்தில் கிளம்பும். வயிற்றுவலி, ஒரு நாளில் பலமுறை வயிற்றுப்போக்கு, காய்ச்சல், எடைக் குறைவு எல்லாம் அப்போது வரும். குடல் சுருங்கி அடைத்துக்கொண்டாலோ சீழ்க்கட்டி, புரைவழி உண்டானாலோ அறுவை சிகிச்சை தேவைப்படும். மூட்டுவலியும் கண் அழற்சியும்கூட இதே நோயின் பகுதிகள்தாம். விசைப்பலகையில் விரல் ஓடாமல் போவதற்குக் குடல்தான் காரணம் என்று மேலாளருக்குப் புரியவைப்பது எளிதல்ல.

கால் முறிந்தவர் ஆறு வாரத்தில் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். குரோன் நோயாளியிடம் எப்போது சரியாகும் என்று கேட்டால் மருத்துவரிடமும் பதில் இருக்காது. தொழில் வாழ்க்கையை இந்நோய் அதிகம் குலைப்பது இந்த இடத்தில்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து. வலியைத் தாங்கிக்கொண்டு உழைக்கிறவர்கள் ஏராளம். ஆனால் அடுத்த மாதம் எப்படி இருப்போம் என்று தெரியாதவருக்குப் பொறுப்பான திட்டத்தைக் கொடுக்க அலுவலகம் தயங்குகிறது. கொடுத்தால் ஏற்றுக்கொள்ள அவரே தயங்குகிறார். பதவி உயர்வு பெரும்பாலும் இந்த இரட்டைத் தயக்கத்தில்தான் நழுவுகிறது.

அசதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோய் அடங்கியிருக்கும் காலத்திலும் பலருக்கு அது நீங்குவதில்லை. இரத்தசோகை, இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் குடலில் உறிஞ்சப்படாமை, இரவுத் தூக்கம் கெடுவது என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. வெளியே எதுவும் தெரியாததால் ‘நல்லாத்தானே இருக்கீங்க’ என்ற பேச்சைக் கேட்காத நோயாளி இல்லை. கழிப்பறைக்கு அஞ்சிக் காலையும் மதியமும் சாப்பிடாமல் வேலை பார்ப்பவர்களும் உண்டு. ஏற்கனவே ஊட்டம் குறைந்த உடலை இது மேலும் நலிவிக்கும்.

கழிப்பறை

அலுவலகத்தில் இருக்கை கழிப்பறைக்கு அருகில் இருப்பது, கூட்டத்தின் நடுவே கேட்காமல் எழுந்து போக முடிவது ஆகிய இரண்டும் செலவில்லாத வசதிகள். ஆனால் தொழிற்சாலை வரிசை, சுங்கச்சாவடி, பேருந்து, துணிக்கடை, அழைப்பு மையம் போன்ற இடங்களில் எழுந்து போவதற்கே அனுமதி வேண்டியிருக்கிறது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பணியில் இருக்கும் எந்நேரமும் தொழிலாளர் அணுகும்படி கழிப்பறை இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 1998-இல் தந்த விளக்கமும் கழிப்பறை இருந்தால் மட்டும் போதாது, தேவைப்படும்போது போகவும் விட வேண்டும் என்றது.

தெருவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதுவும் உதவாது. மருந்து விற்பனைப் பிரதிநிதியும் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவரும் பிறர் கடைகளையே நம்ப வேண்டும். அமெரிக்காவில் ஆலி பெய்ன் என்ற 14 வயதுக் குரோன் நோயாளிப் பெண்ணுக்குக் கடை ஒன்றில் ஊழியர் கழிப்பறை மறுக்கப்பட்டது. அவரும் அவர் தாயாரும் போராடியதால் 2005-இல் இல்லினாய் மாநிலம், இத்தகைய நோயுள்ளவர்களுக்குக் கடைகள் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ‘ஆலி சட்டம்’ என்றே அதை அழைக்கிறார்கள். வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

மருந்தின் நாள்காட்டி

பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் விரைவில் அடக்கும். தூக்கத்தைக் கெடுத்து, முகத்தை உப்பவைத்து, மனநிலையையும் ஆட்டும். நேர்முகத் தேர்வு வரும் வாரத்தில் இவை சிறிய விஷயங்கள் அல்ல. அமெரிக்காவில் 1998-இல் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப் நிலைமையை வெகுவாக மாற்றியது. முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று நரம்பு வழியாக ஏற்றப்படும் மருந்து இது. ஏற்ற இரண்டு மணி நேரம் என்றாலும் போய்வர, காத்திருக்க என்று அரை நாளாவது விடுப்பு வேண்டும். அடலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி. குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதால் வெளியூர்ப் பயணத்தில் அதற்கும் ஓர் ஏற்பாடு தேவை. அடலிமுமாப்பின் முதல் உயிரொத்த மருந்தை (பயோசிமிலர்) அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் இந்தியாவில் கொண்டுவந்தது.

இம்மருந்துகள் நோயெதிர்ப்பைத் தணிப்பதால் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அத்தகையது. ஆகவே ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ அந்த ஊசி தேவைப்படும் நாட்டுக்குப் பணி மாறுதல் வந்தால், ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரைக் கேட்பது கட்டாயம்.

சொல்வதா, வேண்டாமா

வேலை கேட்கும்போதே நோயைச் சொல்ல வேண்டிய கடமை பல நாடுகளில் இல்லை. அமெரிக்காவில் வேலை உறுதியாகும் முன் உடற்குறை பற்றி முதலாளி கேட்கக் கூடாது. பிரிட்டனிலும் சில விலக்குகளோடு அவ்வாறே. ஆனால் வசதி கேட்க வேண்டுமானால் சொல்லித்தான் ஆக வேண்டும். நோயின் பெயரை எல்லோருக்கும் அறிவிக்காமல், மனிதவளப் பிரிவிடமும் நேர் மேலாளரிடமும் மட்டும், நோய் அடங்கியிருக்கும் நாளில், என்ன தேவை என்பதோடு சேர்த்துச் சொல்வதே பயன்படுகிறது. நோய் கிளம்பிய வாரத்தில் முதன்முதலாகச் சொன்னால் அது விடுப்புக்கான சாக்காகவே கேட்பவர் காதில் விழும்.

மறைக்க முடியாதவர்களும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டுவைட் ஐசன்ஹோவருக்கு 1956 மே மாதம் குரோன் நோய் கண்டறியப்பட்டது. முந்தைய ஆண்டுதான் அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. ஜூன் மாதம் குடல் அடைப்பு ஏற்பட்டு, வால்டர் ரீட் மருத்துவமனையில் அவசர அறுவை நடந்தது. மீண்டும் போட்டியிடுவாரா என்று நாடே கேட்டது. ஜூலையில் பனாமா மாநாட்டுக்குப் போனார், நவம்பரில் வென்றார், 1961 ஜனவரி வரை பதவியில் இருந்தார். வேலைநேரத்தை உடலுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதியும் எந்நேரமும் உடனிருக்கும் மருத்துவரும் அவருக்கு இருந்ததை மறக்கக் கூடாது. நீச்சல் வீராங்கனை கேத்லீன் பேக்கர் இந்நோயோடு 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் வெள்ளியும் தொடர் நீச்சலில் தங்கமும் வென்று, 2018-இல் உலக சாதனையும் படைத்தார். பேர்ல் ஜாம் குழுவின் கிட்டார் கலைஞர் மைக் மெக்ரெடி நோயைப் பல ஆண்டுகள் வெளியில் சொல்லாமல் இருந்து பிறகு வெளிப்படையாகப் பேசினார். இவர்களைக் காட்டி ‘உன்னாலும் முடியும்’ என்று சாதாரண ஊழியரை நெருக்குவது தவறு. நோயின் கடுமை ஆளுக்கு ஆள் வேறு. சிலர் வேலையை விட்டுவிட நேர்வதற்கு மன உறுதிக் குறைவு காரணமல்ல.

சட்டம்

விட்டுவிட்டு வரும் நோயைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டத்தின் கீழ், மருந்தால் நன்றாக இருப்பவரை உடற்குறையுடையவராகக் கருத நீதிமன்றங்கள் மறுத்துவந்தன. 2008-இல் வந்த திருத்தம் இதை மாற்றியது. அடங்கியிருக்கும் நோய், கிளம்பும்போது கடுமையாக இருக்குமானால் அது உடற்குறையே. மருந்தின் பலனைக் கணக்கில் எடுக்கக் கூடாது. குடலின் இயக்கமும் முக்கிய உடற்செயல் என்று அது எழுதிவைத்தது. 1993-ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் ஆண்டுக்கு 12 வாரச் சம்பளமில்லா விடுப்பைத் தருகிறது. அதை மணிக்கணக்கில் பிரித்தும் எடுக்கலாம் என்பதே இந்நோயாளிகளுக்குப் பெரிய உதவி. 50 பேருக்குக் குறைவான தனியார் நிறுவனங்களுக்கு அது பொருந்தாது.

பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் மீண்டும் வரக்கூடிய நோயைத் தொடர்ந்து இருப்பதாகவே கொள்கிறது. ஜெர்மனியில் உடற்குறை அளவு 50 என்று மதிப்பிடப்பட்டவருக்கு ஆண்டுக்கு ஐந்து நாள் கூடுதல் விடுப்பும், எளிதில் பணிநீக்கம் செய்ய முடியாத பாதுகாப்பும் கிடைக்கின்றன. நீண்ட நோய்க்குப் பின் நாளுக்குச் சில மணி நேரம் என்று தொடங்கிப் படிப்படியாக முழு வேலைக்குத் திரும்பும் ஏற்பாடும் அங்கே உண்டு. அந்தக் காலத்தில் நோய்க்கால உதவித்தொகை நிற்பதில்லை. அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

இந்தியாவில் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கிறது. மற்றவர்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டை நம்புகிறார்கள். தனியாக எடுக்கும் காப்பீட்டில் ஏற்கனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். அந்தப் பயத்தினாலேயே பிடிக்காத வேலையை விட முடியாமலும், சொந்தத் தொழில் தொடங்க முடியாமலும் பலர் நிற்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற இரத்த நோய்கள் அதில் உண்டு. குரோன் நோய் இல்லை. அதனால் இடஒதுக்கீடும் சான்றிதழும் கிடைப்பதில்லை. ஆனால் அதே சட்டத்தில் மாற்றுத்திறனாளி என்பதற்கான பொதுவான வரையறை பட்டியலைவிட விரிவானது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள தேர்வர் ஒருவருக்கு, 40 விழுக்காட்டுக் குறைபாடு என்ற அளவுகோலை எட்டாதபோதும் எழுத்தர் உதவி தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இந்த வரையறையை வைத்துத்தான். நியாயமான வசதி கோரும் குரோன் நோயாளிக்கும் அத்தீர்ப்பு வழி காட்டக்கூடும். பட்டியலில் சேர்ப்பதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டியதும் இல்லை. மத்திய அரசு அறிவிக்கையின் மூலம் புதிய பிரிவுகளைச் சேர்க்கலாம் என்று அந்தப் பட்டியலின் கடைசி இனமே சொல்கிறது.