ஊர் கூடி எடுக்கிற முடிவும் நாமளும்



பஞ்சாயத்து தேர்தல் வருதுன்னா ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். "எதுக்கு வீண் போட்டி, செலவு, பகை? ஊர் கூடி ஒருமனசா ஒருத்தரை நிறுத்திரலாம்" என்பாங்க. கேட்க நல்ல பேச்சுதான். ஆனால் அந்த ஒருமனசு யாரோட மனசு என்று பார்க்க வேண்டும். அதைப் பற்றித்தான் பழைய காலத்தில் இருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் உத்திரமேரூர் கல்வெட்டு படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பொறுப்பில் இருந்து கணக்கு காட்டாதவரும் அவர் சொந்தக்காரரும் நிற்க முடியாது. இது இன்றைக்கும் நல்ல சட்டம்தான். ஆனால் நிற்பவருக்கு வரி கட்டுகிற நிலம், சொந்த வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். பெண்களுக்கும் கூலி வேலை செய்தவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

நம்ம நாஞ்சில் நாட்டிலும் நாட்டார் கூட்டம் என்று இருந்தது. வட்டக்கோட்டையை மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில் டிலனாய் தளபதி பலப்படுத்திக் கட்டினாரே, அதே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரிக்கொடுமை தாங்காமல் நாட்டார் கூடிப் பேசி ஒரே முடிவாக நின்றார்கள். அதிகாரிகளை எதிர்த்து நிற்க ஒற்றுமை உதவியது. ஆனாலும் அது நிலம் உள்ள பெரிய வீட்டு ஆண்களின் கூட்டம்.

இந்த நிலையை மாற்றியது சட்டம். 1993 ஏப்ரல் 24 அன்று 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் தனி இடம்.

சட்டம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நாலு ஊராட்சியும் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதும் ஊரில் செல்வாக்கு உள்ளவர்கள் கூடி "தேர்தல் வேண்டாம்" என்று முடிவு செய்தார்கள். சில தடவை மனு போடவே ஆள் இல்லை. சில தடவை அவங்களே ஒருத்தரை நிறுத்தி, ஜெயித்ததும் ராஜினாமா செய்ய வைத்தார்கள். பத்து வருஷம் இப்படியே போனது. மதுரை மாவட்டம் மேலவளவில் தைரியமாக நின்று ஜெயித்த தலைவர் முருகேசனை, கூட இருந்தவர்களோடு சேர்த்து 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். "ஊர் முடிவு" என்று சொல்லித்தான் அந்த நாலு ஊரிலும் ஏழைகளின் வாயை அடைத்தார்கள். பயத்தில் சும்மா இருப்பதை சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

2006இல் மாவட்ட நிர்வாகம் அந்த ஊர்களுக்கே போய், எல்லாத் தரப்பையும் உட்கார வைத்துப் பலமுறை பேசியது. மதுரை ஆட்சியராக அப்போது இருந்தவர் உதயச்சந்திரன். அந்த அக்டோபரில் தேர்தல் நடந்து, ஜெயித்தவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். முதலமைச்சர் கருணாநிதி சென்னையில் சமத்துவப் பெருவிழா நடத்தி நாலு தலைவர்களையும் கௌரவித்தார். இதுவும் பேசி எடுத்த முடிவுதான். முன்னால் எடுத்தது ஒரு சாரார் மட்டும் பேசியது. இது எல்லாரும் பேசியது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

இப்போது வேறு ஒரு வழக்கம் சில ஊர்களில் வந்திருக்கிறது. தலைவர் பதவியை ஏலம் விடுவது. கோயிலுக்கு அதிகப் பணம் தருகிறவர் மட்டும் மனு போட, போட்டி இல்லாமல் ஜெயித்ததாக அறிவிப்பு வரும். இது சட்டப்படி தப்பு என்று மாநிலத் தேர்தல் ஆணையமே எச்சரித்திருக்கிறது. லட்சங்கள் கொடுத்து வந்தவர் முதலில் பார்ப்பது தெருக்குழாயையா, போட்ட பணத்தையா?

நமக்கு 2016 சட்டப்படி 50 சதவீத இடம் கிடைத்தது. 2019 டிசம்பர் தேர்தலில் நம்ம குமரி மாவட்டத்திலும் அப்படித்தான் ஓட்டு போட்டோம். பெண்கள் நிறைய பேர் ஜெயித்தார்கள். ஆனால் நாற்காலியில் அக்கா, பேசுவது அத்தான் என்ற நிலை பல ஊர்களில் இன்னும் போகவில்லை. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அந்தப் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். இனி வருகிற தேர்தலுக்கு நாம் இப்பவே தயாராகணும்.

எப்படி? நம்ம குழுவில் கடன் கொடுக்கிற மாதிரிதான். பத்துப் பேர் கேட்டால், ஆஸ்பத்திரி செலவு இருக்கிறவளுக்கு முதலில், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவளுக்கு அடுத்து என்று பேசி முடிவு செய்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்து போடுகிறோம். அதே போல குடிதண்ணி, தெருவிளக்கு, ஓடை, சுடுகாட்டுப் பாதை, இதில் எது முதலில் என்று ஒவ்வொரு தெருவிலும் பெண்கள் உட்கார்ந்து எழுதுவோம். ஓட்டு கேட்டு வருகிற எல்லா வேட்பாளரிடமும் அதைக் காட்டி, "இதில் முதல் வருஷம் எதைச் செய்வீங்க?" என்று கேட்போம். கூட்டத்துக்கு வர முடியாத வயசான பாட்டிகள், விதவைகள், காலனித் தெரு அக்காமார் வீட்டுக்கு நாமே போய்க் கேட்போம். ஒத்துப் போகாதவர் சொன்னதையும் எழுதணும்.

ஜெயித்தவர் சொன்னதைச் செய்தாரா என்று கேட்க கிராம சபை இருக்கிறது. 2022 முதல் நவம்பர் 1ஆம் தேதியும் உள்ளாட்சி தினமாகக் கிராம சபை கூடுகிறது. 1956இல் நம்ம குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதுதான். பலர் போராடி வாங்கித் தந்த நாளில் நாம் வீட்டுக்குள்ளே இருக்கலாமா?

ஊர் ஒருமனசாக இருக்கட்டும், நல்லதுதான். அந்த மனசில் நம்ம மனசும் இருக்க வேண்டும் சகோதரிகளே. போட்டியிட ஆசை உள்ளவர்கள் துணிந்து நில்லுங்கள். மற்றவர்கள் கூட நிற்போம்.