பொபினியில் சிறைக்கு மாற்றாகச் சிகிச்சை

பிரான்ஸின் லா கூர்னெவில் வாழ்பவர் குற்ற வழக்கில் சிக்கினால் பொபினி நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். 93ஆம் மாவட்டம் முழுவதுக்கும் அதுவே நீதிமன்றம். மதுவுக்கோ போதைக்கோ அடிமையாகித் திரும்பத் திரும்பத் தண்டனை பெறுவோரைச் சிறைக்கு அனுப்பாமல், நெருக்கமாகப் பின்தொடர்ந்து சிகிச்சை தரும் திட்டம் 2015இல் அங்கே தொடங்கியது.

மனநோயாளருக்குத் தண்டனையிலிருந்து தரும் விலக்கு இதைவிட மிகப் பழையது. 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, சித்தம் கலங்கிய நிலையில் செய்ததைக் குற்றமாகவே கொள்ளவில்லை. 1838ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் மனநோயாளர் காப்பகம் வேண்டும் என்றது. அத்தகைய காப்பகமாக 1868இல் திறந்த வில்-எவ்ரார் மருத்துவமனை இன்றும் 93இன் பெரும்பகுதிக்கு மனநல சிகிச்சை தருகிறது. 1994இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமோ, புத்தி முழுதும் பேதலித்தவருக்கு மட்டுமே விலக்குத் தந்தது. ஓரளவு பேதலித்தவர் தண்டனைக்கு உரியவராகவே நின்றார். சிறைகளில் மனநோயாளர் பெருகியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வர்.

போதை விடயத்தில் அடிப்படை 1970 டிசம்பர் 31ஆம் திகதிச் சட்டம். போதைப்பொருள் பாவிப்பதே ஓராண்டுச் சிறைக்குரிய குற்றம் என்ற அதே சட்டம், சிகிச்சைக்குப் போகுமாறு பணிக்கும் அதிகாரத்தை அரச வழக்குத்தொடுநருக்குக் கொடுத்தது. சிகிச்சையை முடித்தவர்மீது வழக்கில்லை. தானாக வருபவருக்குப் பெயர் கேட்காத இலவச சிகிச்சையும் உண்டு. 2007 மார்ச் 5ஆம் திகதிச் சட்டம் அளவுமீறிக் குடிப்போரையும் இந்த ஏற்பாட்டில் சேர்த்தது.

ஆனால் வெறும் கட்டளை யாரையும் குணப்படுத்தாது. பொபினித் திட்டத்தின் சிறப்பு இதைப் புரிந்துகொண்டதுதான். 1989இல் மயாமியில் தொடங்கிய போதை நீதிமன்றங்களும் கனடாவின் அனுபவமும் அதற்கு முன்மாதிரி. நீதிபதியும் நன்னடத்தை அலுவலரும் சிகிச்சையாளரும் ஒரே ஆளை ஒன்றாகப் பின்தொடர்கிறார்கள். அவரும் வாரத்தில் பல நாள் வரவேண்டும். மறுபடி குடித்துவிட்டால் உடனே சிறை என்பதல்ல, அது நோயின் போக்கிலேயே வருவது என்பதுதான் இத்தகைய நீதிமன்றங்களின் அணுகுமுறை.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இதை நம்புவது கடினமாக இருக்கலாம். அங்கே 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு வழிசெய்தது. கந்தகாடு போன்ற புனர்வாழ்வு முகாம்களில் இராணுவத்தின் கை இருந்தது. அது அடைப்பின் இன்னொரு வடிவம். பொபினியில் நடப்பதோடு அதைக் குழப்பக்கூடாது.

வீட்டில் ஒருவர் குடியால் வழக்கில் சிக்கினால் வெட்கத்தில் மறைக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. சிகிச்சைக்கு விருப்பம் என்பதை வழக்கறிஞர் வழியாக முதல் நாளே சொல்லுங்கள்.